கேப்டன் சொன்ன வழி

எங்கள் சைக்கிள் குழுவில் மொத்தம் நான்கு பேர். நான்கு பேருக்கு ஒரு கேப்டன் தேவையில்லை என்று மற்ற மூவரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம் என்று முன்கூட்டியே வரைபடம் அனுப்புகிறவன் நான். ஹெல்மெட்டில் கேமரா மாட்டியிருப்பவனும் நான் ஒருவன்தான். போதாததற்கு, மும்பை செம்பூரில் ஒரு கூரியர் கம்பெனியில் எந்த வண்டி எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் இருபது வருடமாக எனக்கு வேலை. வழி விஷயத்தில் யாராவது என்னிடம் வாதாடினால் சுருக்கென்று கோபம் வந்துவிடும். இதனாலேயே எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் வழி கேட்பதில்லை.

மற்ற மூவரில் ஒருவன் தாராவித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது சீத்தா கேம்பில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறான். நாற்பது வருடத்தில் அவன் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நான் அவனிடம் கோபப்படாத வாரம் இருந்ததாக நினைவில்லை. அடுத்தவர் மாட்டுங்காவிலிருந்து வரும் வங்கி அதிகாரி. மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் குடியிருக்கிறவர். சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் டயரை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியாலும் துடைப்பார். நான்காவது, அணுசக்தி நகரில் இருக்கும் எஞ்சினியர் அம்மா. பூர்வீகம் நாகர்கோவில். எங்களில் வயதில் இளையவர், வேகத்தில் மூத்தவர். மேட்டில் நாங்கள் மூவரும் இறங்கி மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு போகும்போது, அவர் ஏற்கெனவே உச்சியில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருப்பார். நியாயமாக அவர்தான் கேப்டனாக இருக்க வேண்டியவர். இதை நான் எழுத்தில் மட்டும்தான் ஒப்புக்கொள்வேன்.

கர்ஜத்துக்கு அப்பால், சஹ்யாத்ரி அடிவாரத்தில், தார் ரோடு முடிந்த பிறகு தொடங்கும் மண்பாதைகளில் அறுபது கிலோமீட்டர். இரண்டு மாதமாக நான் தீட்டி வைத்திருந்த திட்டம் இது. மழை நின்று, புல் காய்வதற்குள் போய்விட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தாயிற்று. வியாழக்கிழமை என் பள்ளிக்கூட நண்பன் போன் செய்தான்.

"மக்கா, ஞாயித்துக்கெழம நான் வரலலே. மூத்தவளப் பாக்க மும்ப்ராவுல இருந்து ஆளு வாராங்க. அசர் தொழுக முடிஞ்சு அஞ்சு மணிக்கு."

வேறு யாராவது இருந்தால் "நல்ல காரியம், போய் வேலையைப் பார்" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு முதலில் தோன்றியது, இவன் வராவிட்டால் மாட்டுங்காக்காரரும் முதுகுவலி என்று நழுவிவிடுவார் என்பதுதான்.

"அஞ்சு மணிக்குத்தானலே? ரெண்டேகால் வண்டியப் புடிச்சா, நாலரைக்கு நீ வீட்டுல இருப்ப. குளிச்சு, சட்ட மாத்தி, அத்தரு பூசி உக்காரவும் நேரம் இருக்கு. ரூட்டு போட்டது யாரு? நானு. ஒரு நிமிசம் பிசகாது."

அவன் தயங்கினான். "அப்படின்னா அவகிட்ட நீயே பேசு" என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டான்.

"அண்ணே, அவுங்க இல்லாம நான் யார வச்சுப் பேசுவேன்? மாமன் மச்சான்னு இங்க எங்களுக்கு ஆரும் கெடையாது. இவ வேற, வாப்பா பக்கத்துல இருந்தாத்தான் ரூம்ப விட்டு வெளிய வருவேங்கா."

"மதினி, நாலரை மணிக்கு உங்க வாசல்ல கொண்டாந்து விடுறது என் பொறுப்பு. போதுமா?"

"நீங்க சொன்னாப் போதும்ணே" என்றார். அந்தக் குரலில் நம்பிக்கையைவிட எச்சரிக்கைதான் கூடுதலாக இருந்தது. அதை நான் கவனித்தேன், கவனிக்காதது போலப் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் குர்லாவில் கர்ஜத் வண்டியின் லக்கேஜ் பெட்டியில் ஏறினோம். காலிப் பால் கேன்களுக்கும் செய்தித்தாள் கட்டுகளுக்கும் நடுவில் நான்கு சைக்கிள்கள். பால்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டர் சொன்னாரா?" என்று இந்தியில் அனுதாபத்தோடு கேட்டார். நான் அன்று புதிதாக வாங்கிய கால்சட்டை போட்டிருந்தேன். உடம்போடு ஒட்டிக்கொண்டு, உட்காரும் இடத்தில் மட்டும் மெத்தை வைத்துத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு நான் ஹாலில் நடந்து காட்டியபோது என் மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

காலை நன்றாகத்தான் போனது. தார் முடிந்து செம்மண் வந்தது. செம்மண் முடிந்து உருண்டைக் கல்லாக வந்தது. இரண்டு பக்கமும் புல் ஹேண்டில்பார் உயரத்துக்கு நின்றது. முழங்கால் ஆழ ஓடை ஒன்றில் மாட்டுங்காக்காரர் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் ஏற்றிக் கடந்தார். கரையேறி, டயரைத் துடைத்தார். நண்பன் மட்டும் அன்று வழக்கத்துக்கு மாறாகப் பேசிக்கொண்டே வந்தான். மகளுக்குச் சின்ன வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததை, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியதை, பிடியை விட்டுவிட்டான் என்று தெரிந்ததும் அவள் அழுததைச் சொன்னான்.

"நல்ல எடம் மக்கா. பையன் துபாய்ல இருக்கான். முடிஞ்சிட்டா அங்க போயிருவா" என்றான். ஒரு மேட்டை மிதித்துக் கடந்தான். "இன்னைக்கு நான் இருக்கணும்லே."

"இருப்ப. நான் சொல்லிட்டேன்ல" என்றேன்.

பதினொன்றரை மணிக்கு ஒரு சிற்றூரின் ஓரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. போனில் சிக்னல் இல்லை. ஆனால் நான் கேப்டன் அல்லவா, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தேன். வலது பாதையில் போனால் ஆறு கிலோமீட்டர் மிச்சம் என்று அது காட்டியது. பிரிவு முனையில் ஒரு நாவல் மரம். அதன் அடியில் அறுபது வயதிருக்கும் ஒருவர், பனியனும் வெள்ளைத் தொப்பியுமாக உட்கார்ந்து, எருமைக் கழுத்துக்கு ஒரு தோல் பட்டி தைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டுண்டு போயிடலாமே" என்றார் மாட்டுங்காக்காரர்.

வழி கேட்பது எனக்குப் பிடிக்காது. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். ஆனாலும் அவருடைய திருப்திக்காக மராட்டியில் கேட்டேன். அந்த மனிதர் ஊசியை நிறுத்தி, எங்கள் நால்வரையும் பார்த்து, மராட்டியில் நிதானமாகச் சொன்னார். இடது பக்கம் போங்கள், சுற்றுதான், ஆனால் போய்ச் சேரும். வலது பக்கம் ஓடைப் பாலத்தை இந்த மழை கொண்டுபோய்விட்டது, சைக்கிளோடு இறங்க முடியாது. சொல்லிவிட்டுத் தைக்க ஆரம்பித்தார்.

மும்பையில் பிறந்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மராட்டியிலோ இந்தியிலோ ஒருவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வாயில் அதே சிரிப்பை வைத்துக்கொண்டே, அவரைப் பற்றித் தமிழில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். ரயிலில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று ஐம்பது வருடமாகப் பேசிப் பழகிய வாய் இது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கை கூப்பி, "தன்யவாத், காகா!" என்றேன். சிரிப்பை இறக்காமல் தமிழில் தொடர்ந்தேன்.

"இந்தாளு மூஞ்சியப் பாத்தா சொந்த வீட்டுக்கே வழி தெரியாது போலருக்கு. இவரு நமக்கு வழி சொல்ல வந்துட்டாரு. டவுன்காரன்னா சுத்த விட்டு வேடிக்க பாக்குறது. வாங்க, ரைட்டுல போலாம்."

மாட்டுங்காக்காரர் சிரித்துவிட்டார். எஞ்சினியர் சிரிக்கவில்லை. "அண்ணே, மேப்புல உள்ளது போன வருசத்துப் பாலமா இருக்கப் போவுது" என்றார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆகவே கேட்காதது போல ஹெல்மெட் வாரை இறுக்கினேன். நண்பன் அந்த மனிதரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மக்கா, அந்தத் தையலப் பாத்தியா? ரெண்டு ஊசி. நம்ம தாராவிப் பட்டறையில போடுத மாதிரியே போடுதாரு."

"பொண்ணு பாக்க ஆளு வாற அன்னைக்குத் தையலப் பாத்துக்கிட்டு நிக்கியா? வாலே."

அந்த மனிதர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வலது பாதை முதல் இரண்டு கிலோமீட்டர் என் பக்கம்தான் இருந்தது. மிதிக்கவே வேண்டாம், அப்படி ஓர் இறக்கம். "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று கத்திக்கொண்டே போனேன். அந்தக் கத்தல் கேமராவில் இன்னும் இருக்கிறது. அதற்கு அடுத்ததாகப் பதிவாகியிருப்பது வானம், பிறகு ஒரு முள்செடி, பிறகு நீண்ட நேரத்துக்கு ஒரு கல். முன் சக்கரம் எதில் மாட்டியது என்று இன்றைக்கும் தெரியாது. என்னை முள்ளிலிருந்து பிரித்தெடுத்தபோது மெத்தைக் கால்சட்டை மட்டும் தன் கடமையை முழுதாகச் செய்திருந்தது.

டயரில் காற்று இல்லை. கேப்டன் மாற்று டியூப் கொண்டுவந்திருந்தான். எஞ்சினியர் அதை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"அண்ணே, இது சின்ன வீல் டியூபு. வாங்கயில சைஸ் பாக்கலியா?"

பார்க்கவில்லை. கடைக்காரர் எந்த சைஸ் என்று கேட்டதும், எனக்கா தெரியாது என்ற தோரணையில் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னது நினைவுக்கு வந்தது. எஞ்சினியரே பழைய டியூபில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அரை மணி நேரம் போயிற்று. இன்னும் ஒரு கிலோமீட்டர் இறங்கினோம். பாதை நின்றுவிட்டது. அந்தப் பக்கக் கரையில் பாலத்தின் பாதி, இந்தப் பக்கம் கால்வாசி, நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பள்ளம். அடியில் தண்ணீர் சத்தம்.

மாட்டுங்காக்காரர் எட்டிப் பார்த்து, "பேஷ்" என்றார். அவ்வளவுதான்.

இறங்கியதை ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கல்லில் சைக்கிளைத் தள்ள முடியவில்லை, தூக்கித்தான் ஆக வேண்டும். பாதி வழியில் நண்பன் ஒரு பாறை மேல் ஏறி, போனைத் தலைக்கு மேலே பிடித்து, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தான். சிக்னல் கிடைக்கவில்லை. மணி ஒன்றரை ஆகியிருந்தது. ரெண்டேகால் வண்டி இனி இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவன் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "பரவால்ல மக்கா" என்றான். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. அவமானமாக இருந்தது. அவன் மகள் ரூமுக்குள் உட்கார்ந்திருப்பதும், மதினி நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருப்பதும் கண்ணில் வந்தது. அவன் கண்ணைப் பார்க்கப் பயந்து, நான் வேகமாக ஏறுவது போல முன்னால் போனேன்.

மேலே வந்தபோது மணி இரண்டாகப் போகிறது. நாவல் மரத்தடியில் அந்த மனிதர் பட்டியின் கடைசித் தையலைப் போட்டு, நூலை அறுத்து, எங்களைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி," என்றார், "பாலம் இருந்துச்சா?"

தமிழில். அதுவும் சுத்தமான திருநெல்வேலித் தமிழில்.

என் முகத்தில் ஈயாடவில்லை. மாட்டுங்காக்காரர் குனிந்து தன் டயரை மும்முரமாக ஆராய ஆரம்பித்தார். ஒருமுறை மின்சார ரயிலில் ஒருவருடைய தலைச்சாயத்தைப் பற்றி நானும் நண்பனும் மூன்று ஸ்டேஷன் நீளத்துக்குப் பேசியிருக்கிறோம். இறங்கும்போது அவர் தமிழில் வழி விடச் சொன்னார். அவரை அதற்குப் பிறகு பார்க்க வேண்டி வரவில்லை. இவரிடமோ உதவி கேட்டாக வேண்டும்.

"உங்களுக்கு... தமிழ் தெரியுமா?" என்றேன். கேள்வியின் லட்சணம் எனக்கே தெரிந்தது.

"பதினோரு வருசம் தாராவில தோல் பட்டறையில இருந்தேன். மொதலாளி தூத்துக்குடிப் பக்கம். அவரு திட்டித் திட்டித்தான் தமிழ் படிச்சேன். அதனால திட்டுனா மொதல்ல வெளங்கிரும்."

"அப்பவே தமிழ்ல சொல்லியிருக்கப்படாதோ?" என்று மாட்டுங்காக்காரர் டயரிடமிருந்து கேட்டார்.

"மராட்டில கேட்டாரு, மராட்டில சொன்னேன். வழி ரெண்டு பாசையிலயும் ஒண்ணுதானே."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. மரத்துக்குப் பின்னாலேயே அவர் வீடு, அதன் பக்கத்தில் பால் கேன் ஏற்றும் ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதைப் பார்த்துவிட்டேன். அஞ்சு மணிக்குள் ஒருவரை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், ஸ்டேஷன் வரைக்கும் விட்டால்கூடப் போதும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"வண்டி இருக்கு" என்றார். "ஒண்ணு மட்டும் செய்யணும். என்னப் பத்தி நீங்க தமிழ்ல சொன்னீங்கல்ல, அத எங்க வீட்டுக்காரிக்கு மராட்டில சொல்லணும். அவளுக்குத் தமிழ் தெரியாது. பாவம், அவளும் கேக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்குள் அந்த அம்மாள் எங்களுக்குத் தண்ணீர்ச் செம்போடு வந்துவிட்டார். நான் முள் கீறிய முகத்தோடு, மெத்தைக் கால்சட்டையோடு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்க நிற்பவன் போல அவர் முன்னால் நின்றேன். என் மராட்டி காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதற்குப் போதும். பாவமன்னிப்புக்குப் போதாது.

"தாயி, உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, ரொம்பக் களைத்திருக்கிறார் என்று சொன்னேன்" என்று ஆரம்பித்தேன்.

"அது இல்ல அண்ணாச்சி" என்றார் அவர் தமிழில். "சரியாச் சொல்லுங்க."

நண்பன் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அந்த நேரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"தாயி," என்றேன், "இவர் முகத்தைப் பார்த்தால், சொந்த வீட்டுக்கே வழி தெரியாதவர் போல இருக்கிறது என்று சொன்னேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"சரியாகத்தானே சொன்னீர்கள்?" என்றார் மராட்டியில். "பதினோரு வருடம் இவருக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லையே! கணபதிக்கு ஒரு தடவை வருவார், அறுவடைக்கு ஒரு தடவை. அவ்வளவுதான்." சிரிப்பு அடங்கியது. செம்பை நண்பனிடம் நீட்டிக்கொண்டே, சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "எங்கள் பெண்ணைப் பார்க்க வந்த அன்றைக்குக்கூட பட்டறையில் அவசர ஆர்டர். இவர் இடத்தில் என் தம்பியை உட்கார வைத்தேன். தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று அவள் அப்படி அழுதாள்."

கணவர் பட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். பேச்சு இந்த இடத்துக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. என்னை மாட்டிவிடப் போட்ட கயிற்றில் தானே வந்து நின்றார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

நண்பன் செம்பை வாயில் வைக்காமலே இந்தியில் சொன்னான். "தீதி, இன்றைக்கு என் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். அஞ்சு மணிக்கு. சீத்தா கேம்பில்."

அந்த அம்மாள் புருஷனின் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். "இதைக் கேட்டுக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறாயா? வண்டியை எடு!"

ஸ்டேஷனுக்கு என்று கிளம்பிய வண்டி ஸ்டேஷனில் நிற்கவில்லை. அடுத்த ரயில் லேட்டு, அதை நம்பினால் ஆறு மணி ஆகும் என்று அவர் நேரே நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டார். நண்பனும் எஞ்சினியரும் முன்னால். நானும் மாட்டுங்காக்காரரும் பின்னால், நான்கு சைக்கிள்களுக்கும் ஏழு பால் கேன்களுக்கும் நடுவில். இருபது வருடம் வண்டிகளுக்கு வழி சொன்னவன், எந்த வழியாகப் போகிறோம் என்றே தெரியாமல் பின்பக்கமாக மும்பைக்கு வந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் கேன்கள் என் முட்டியில் இடித்தன.

சிக்னல் வந்தது. முதல் காரியமாக என் போன் அடித்தது. திரையில் "மதினி".

"எடுமேன்" என்றார் மாட்டுங்காக்காரர்.

"நீங்க பேசுறீங்களா?"

"நேக்கு என்ன தலையெழுத்தா?"

அடித்து ஓயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேப்டன்கள் எல்லா அழைப்புகளையும் எடுப்பதில்லை.

வாஷி பாலத்தில் நெரிசல். நான் கேன் மேல் ஏறி நின்று, முன்பக்கக் கண்ணாடியைத் தட்டி, இடது லேனில் போகச் சொன்னேன். அவர் போகவில்லை. வலது லேன் தானாக நகர்ந்தது. நான் உட்கார்ந்துகொண்டேன்.

சீத்தா கேம்ப் வந்தபோது ஐந்து அடித்துப் பத்து நிமிடம். சந்துக்குள் வண்டி போகாது. நண்பன் கதவைத் திறந்து குதித்து ஓடினான். நாங்களும் பின்னால் ஓடினோம். முன்னறையில் மும்ப்ராவிலிருந்து வந்த மூன்று ஆண்கள் உட்கார்ந்து, பிஸ்கட் தட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் உள்ளறையில். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மதினி கதவோரம் நின்று என்னிடம் தணிந்த குரலில், "நாலரைன்னு சொன்னியளேண்ணே" என்றார். நான் என் ஷூவைப் பார்த்தேன்.

நண்பன் முகத்தில் தண்ணீர் அடித்து, சைக்கிள் உடைக்கு மேலேயே ஒரு வெள்ளைக் கைலியைக் கட்டி, ஜிப்பாவை மாட்டிக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். கையெல்லாம் முள் கீறல். சலாம் சொன்னான். வந்தவர்களில் பெரியவர் அவனைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற என் கோலத்தையும் பார்த்து, "இவுக யாரு?" என்றார்.

"இவன்தான் எங்களுக்கு வழி காட்டுதவன்" என்றான் நண்பன். முகத்தில் சிரிப்பே இல்லை. நாற்பது வருடக் கடனை ஒரே வரியில் தீர்த்துவிட்டான்.

அப்போது மகள் இருந்த மூன்றாவது அறையின் வாசலில் தொங்கிய திரை ஒரு விரல் அகலம் விலகியது. வந்தவர்கள் பக்கம் அந்தக் கண்கள் போகவே இல்லை. நேராக நடு நாற்காலியைப் பார்த்தன. அவன் லேசாகத் தலையை ஆட்டினான். திரை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளறையில் பெண்கள் "வாம்மா, வா வா, இங்க உக்காரு" என்று அழைக்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்ததற்கு நான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை என்பது தெரிந்தது.

எனக்குப் பக்கத்தில் வாசற்படியில், தேநீர் கிளாஸும் கையுமாக பிக்கப்காரர் நின்றிருந்தார். அவரும் திரையைப் பார்த்தார். பாதி குடித்த கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"நான் வாரேன் அண்ணாச்சி."

"இருங்க, பிரியாணி இருக்கு, மதினி விடமாட்டாங்க" என்றேன்.

"இப்பக் கெளம்புனா சோத்து நேரத்துக்குப் போயிரலாம். அவ சாப்புடாம உக்காந்திருப்பா."

சந்து முனை வரை கூடப் போனேன். நன்றி என்ற சொல்லை அன்று காலை நான் மராட்டியில் பாழாக்கியிருந்தேன். அவர் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினார். எனக்குப் பழக்கதோஷம், கை தானாக நீண்டது.

"அண்ணாச்சி, இங்கருந்து நேராப் போயி லெஃப்ட்ல ஒடிச்சா டிராம்பே ரோடு. அப்புறம் மான்குர்த் பாலத்துல ஏறாம, கீழயே..."

அவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார்.

"எனக்கு வீட்டுக்கு வழி தெரியும் அண்ணாச்சி" என்றார்.

இடது பக்கம் நீட்டிய என் கை அப்படியே நிற்க, வண்டி வலது பக்கம் திரும்பிப் போனது.